வினைக்குள் உறையும் இடம்: மோகாக், சின் மொழிகளின் முன்னொட்டுகளும் தமிழ் வினைமுற்றும்

முன்னுரை

யாங்கோன் மாநகரிலிருந்து பகோ ஆற்றைக் கடந்தால் அக்கரையில் அமைந்திருப்பது தன்லியின். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்துப் பதிவுகளில் சிரியம் என்று வழங்கிய பழந்துறைமுகம் இதுவே. அங்கு நிறுவப்பட்ட எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலும் சுற்றியுள்ள நெல்வயல்களிலும் உழைக்க வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர். பீலிக்கான் முனீசுவரர் கோயில் அவர்தம் வாழ்வின் அடையாளமாக நிற்கிறது. 1960களில் மியன்மாவின் தனியார் பள்ளிகள் நாட்டுடைமையானபின், இந்நாட்டில் தமிழ் கற்பித்தல் பெரும்பாலும் கோயிலையும் சங்கத்தையும் சார்ந்த மாலை வகுப்பாகவும் விடுமுறை வகுப்பாகவுமே தொடர்ந்து வருகிறது.

இத்தகைய வகுப்பில் அமரும் பிள்ளை பகலில் பர்மிய மொழியில் கல்வி பயில்கிறது. பர்மிய வினை, செய்தவர் யார் என்பதைத் தன்னகத்தே காட்டாது. 'துவா தெ' என்றால் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது ஆகிய அனைத்தும் ஆகும். பலர் என்பதைக் குறிக்க ஓர் இடைச்சொல் உண்டு. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடத்தைக் குறிக்க வினையில் யாதும் இல்லை. பகலில் இம்மொழியில் சிந்தித்த பிள்ளையிடம் மாலையில், 'நான்' என்றால் 'ஏன்', 'நீ' என்றால் 'ஆய்', 'அவன்' என்றால் 'ஆன்' என்று ஒரு வாய்பாட்டை ஒப்புவிக்கச் சொல்கிறோம். 'நான்' என்று முன்னரே சொல்லிவிட்டபின் 'வந்தேன்' என்பதில் மீண்டும் 'ஏன்' எதற்கு என்று அப்பிள்ளை கேட்டால், ஆசிரியர் என்ன விடை கூறுவார்?

அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை. விடையைத் தேடி முதலில் வட அமெரிக்காவின் இரோகுவா மொழிக்குடும்பத்துக்குச் சென்று, பின்னர் மியன்மாவின் மேற்கு மலைகளில் வழங்கும் சின் மொழிகளுக்குத் திரும்பி, இறுதியில் தமிழ் இலக்கண நூல்களை அடைகிறது. வினையின் முன்னே பதிலிப்பெயர் உறுப்பு ஏறும் அம்மொழிகளின் இயல்பை விளக்குவதும், அவ்விளக்கத்துக்கு வேண்டிய கருத்துகள் தமிழ் இலக்கண மரபில் முன்னரே உள்ளன என்பதைக் காட்டுவதும் இதன் நோக்கம். பிறமொழிச் சொற்கள் தமிழ் எழுத்தில் ஒலிப்புக்கு அணுக்கமான வடிவில் தரப்படுகின்றன.

1. வினை தரும் ஆறு பொருள்கள்

தெரிநிலை வினை செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறினையும் தரும் என்பது நன்னூலார் கொள்கை. 'குயவன் குடத்தை வனைந்தான்' என்ற தொடரை வைத்து இதனை விளக்குவது உரைமரபு. இவ்வாறினையும் வடிவநிலையில் நோக்கினால் ஒரு வேறுபாடு புலனாகும். 'வனைந்தான்' என்னும் சொல்லில் செயலைப் பகுதி காட்டுகிறது. காலத்தை இடைநிலை காட்டுகிறது. செய்பவனை விகுதி காட்டுகிறது. கருவி, நிலம், செய்பொருள் ஆகிய மூன்றுக்கும் அச்சொல்லில் உறுப்பு இல்லை. அவை பொருளால் பெறப்படுவனவேயன்றி எழுத்தால் பெறப்படுவன அல்ல.

எனவே ஆறனுள் எவை சொல்லுக்குள் உறுப்பாகத் தங்குகின்றன, எவை சொல்லுக்கு வெளியே நிற்கின்றன என்பதை அளவுகோலாகக் கொண்டு மொழிகளை ஒப்பிடலாம். பர்மிய வினையில் செய்பவனும் வெளியே நிற்கிறான். தமிழ் வினையில் செய்பவன் உள்ளே இருக்கிறான். செய்பொருள் வெளியே நிற்கிறது. செய்பவன், செய்பொருள் ஆகிய இரண்டும் வினைக்குள்ளே புகுந்த மொழி உண்டா என்று கேட்டால், அதற்குத் தெளிவான சான்றாக நிற்பவை இரோகுவா மொழிகள்.

2. மோகாக் வினையின் முன்னொட்டுகள்

மோகாக், ஒனைடா, ஒனொன்டாகா, கயூகா, செனகா, டஸ்கரோரா ஆகியவை இரோகுவாக் குடும்பத்தின் வடகிளையைச் சேர்ந்தவை. செரோக்கீ தென்கிளையைச் சேர்ந்தது. இம்மொழிகள் தமிழர் வாழ்விடங்களுக்குத் தொலைவானவை அல்ல. கனடாவில் தமிழர் பெருகி வாழும் டொராண்டோவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பிரான்ட்போர்டு நகரம். அதனை அடுத்துள்ள கிராண்ட் ஆற்றங்கரையின் ஆறு நாட்டார் குடியிருப்பு இம்மக்களின் தாயகங்களுள் ஒன்று. மோகாக் மக்கள் மொன்றியல் நகரை அடுத்த கானவாகேயிலும் வாழ்கின்றனர். இக்குடும்பத்து வினையமைப்பை முறையாக வகுத்துக் காட்டிய நூல்களுள் பிளாய்டு லவுன்சுபரி 1953இல் வெளியிட்ட ஒனைடா வினை பற்றிய ஆய்வு முதன்மையானது.

மோகாக் வினையில் பதிலிப்பெயர் முன்னொட்டு இன்றியமையாத உறுப்பு. அது இல்லாமல் வினை சொல்லாகாது. இம்முன்னொட்டுகளை மூன்று வரிசைகளாகப் பகுக்கலாம்.

முதல் வரிசை, செய்வோனைக் குறிப்பது: நான் 'க்-', நீ 'ஸ்-', அவன் 'ர-', அவள் அல்லது யாரோ ஒருவர் 'யெ-', அது 'க-'.

இரண்டாம் வரிசை, ஒரு நிலைக்கு ஆளாவோரைக் குறிப்பது: நான் 'வக்-', நீ 'ச-', அவன் 'ரொ-', அவள் அல்லது யாரோ ஒருவர் 'யகொ-', அது 'யொ-'.

மூன்றாம் வரிசை, செய்வோனையும் செய்பொருளையும் ஒருங்கே குறிப்பது: நான் உன்னை 'கொன்-', நீ என்னை 'தக்-', நான் அவனை 'ரி-', அவன் என்னை 'ரக்-' என்பன போல்வன.

ஒருமை, இருமை, பன்மை வேறுபாடுகளையும் சேர்த்தால் இம்முன்னொட்டுகள் ஐம்பதுக்கு மேற்படும். இவற்றுள் தமிழ் ஆய்வாளர் கருதத்தக்க இயல்புகள் நான்கு.

முதலாவது, மூன்றாம் வரிசை முன்னொட்டுகளைப் பகுபத உறுப்புகளாக எளிதில் பிரிக்க இயலாது. 'நான் உன்னை' என்பதற்குரிய 'கொன்-' என்பதில் நானுக்குரிய 'க்-' தெரிவது போலிருந்தாலும், நீக்குரிய 'ஸ்-', 'ச-' ஆகிய இரண்டும் இல்லை. 'நீ என்னை' என்பதற்குரிய 'தக்-' என்பதும் இவ்வாறே. ஆகவே இவை நான், உன்னை என்னும் இரு சொற்கள் ஒட்டிய வடிவங்கள் அல்ல. யார் யாரை என்னும் உறவையே ஓர் உறுப்பாக ஆக்கிய வடிவங்கள். 'கொன்னொரொன்க்வா' என்னும் ஒரு சொல், நான் உன்னை நேசிக்கிறேன் என்னும் முழுத்தொடர்.

இரண்டாவது, எல்லாச் செய்பொருளும் முன்னொட்டைப் பெறுவதில்லை. ஒரு பொருளை வாங்கினேன் என்னும்போது முதல் வரிசையின் 'க்-' மட்டுமே வரும். வாங்கப்பட்ட அஃறிணைப் பொருளுக்குத் தனி அடையாளம் இல்லை. செய்பொருள் ஆளாக இருக்கும்போதுதான் மூன்றாம் வரிசை தோன்றும். இதனைத் தமிழ் தன் வழியில் அறியும். 'புத்தகம் வாங்கினேன்' என்று ஐ உருபு தொக்கு வரலாம். 'மகன் அழைத்தேன்' என்று கூற இயலாது, 'மகனை அழைத்தேன்' என்றே கூறவேண்டும். உயர்திணைச் செய்பொருளைத் தவறாது அடையாளப்படுத்துவது இரு மொழிக்கும் பொது. தமிழ் அவ்வடையாளத்தைப் பெயரில் இடுகிறது. மோகாக் வினையில் இடுகிறது.

மூன்றாவது, இரண்டாம் வரிசையின் பயன். நோயுற்றிருக்கிறேன், மகிழ்ந்திருக்கிறேன் போன்ற பொருளில் மோகாக் 'க்-' என்னும் செய்வோன் முன்னொட்டைக் கொள்ளாது. 'வக்-' என்னும் முன்னொட்டைக் கொள்ளும். பேசுபவர் அந்நிலையைச் செய்யவில்லை, அதற்கு ஆளாகிறார் என்பது இதன் கருத்து. தமிழில் 'எனக்குக் காய்ச்சலடிக்கிறது', 'எனக்கு வலிக்கிறது' என்று நான்காம் வேற்றுமையைக் கொண்டு, வினையை ஒன்றன்பால் ஆக்கிவிடுகிறோம். தன் விருப்பால் செய்வது வேறு, தன்மேல் வந்து படிவது வேறு என்னும் பாகுபாடு இங்கு வேற்றுமை உருபாகவும் அங்கு முன்னொட்டாகவும் வெளிப்படுகிறது. எனினும் எந்த வினை எந்த வரிசையைப் பெறும் என்பது மோகாக்கில் முழுவதும் பொருளால் அமைவதில்லை, வழக்காலும் அமையும்.

நான்காவது, தன்மைப் பன்மை. நாம், நாங்கள் என்னும் வேறுபாட்டை மோகாக் முன்னொட்டே காட்டும். கேட்போரையும் சேர்த்த பன்மைக்கு 'தெவ-', சேர்க்காத பன்மைக்கு 'யக்வ-'. இக்காலத் தமிழில் நாம், நாங்கள் இரண்டும் 'வந்தோம்' என்றே முடியும். வேறுபாட்டை எழுவாய் மட்டுமே காட்டுகிறது. பழந்தமிழ் நிலை அவ்வாறன்று. அம், ஆம் விகுதிகள் முன்னிலையாரைத் தன்னோடு சேர்க்கும் எனவும், எம், ஏம், ஓம் விகுதிகள் படர்க்கையாரைச் சேர்க்கும் எனவும் நன்னூல் வகுக்கிறது. வினைக்குள்ளேயே இவ்வேறுபாடு தங்கியிருந்த காலம் தமிழுக்கும் உண்டு. பின்னர் 'ஓம்' பரவி நிலைபெற, அவ்வேறுபாடு வினையை விட்டு வெளியேறிப் பதிலிப்பெயரில் மட்டும் எஞ்சியது. வினைக்குள் இருப்பது வெளியேறக்கூடும் என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும்.

3. மியன்மாவின் மலைகளில் அதே அமைப்பு

இத்தகைய முன்னொட்டைக் காணக் கடல் கடக்க வேண்டுவதில்லை. மியன்மாவின் மேற்கெல்லையில், மிசோரம் மாநிலத்தை ஒட்டிய சின் மாநிலத்தில் வழங்கும் மொழிகள் இதனைத் தெளிவாகக் கொண்டுள்ளன. பர்மிய மொழியும் இவையும் திபெத்திய-பர்மியப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை; எனினும் இட வேறுபாட்டை வினையில் காட்டுவதில் இரு துருவங்களாக நிற்கின்றன. சின் மக்கள் பலர் இன்று யாங்கோன் நகரிலும் வாழ்கின்றனர். 1960களில் பர்மாவை விட்டு வெளியேறிய தமிழர் சிலர் மணிப்பூரின் எல்லை நகரான மோரேயில் குடியமர்ந்தனர். அங்கு அவர்களுக்கு அண்டை வீட்டாராக அமைந்த குக்கி மக்களின் மொழியும் இதே கிளையைச் சேர்ந்தது. ஆகவே தமிழரின் செவிக்கு இம்முன்னொட்டுகள் முற்றிலும் புதியவை அல்ல.

சின் மாநிலத் தலைநகரான ஹாகாவின் மொழியில் தன்மை ஒருமைக்கு 'க-', முன்னிலை ஒருமைக்கு 'ந-', படர்க்கை ஒருமைக்கு 'அ-' முன்னொட்டாகும். பன்மையில் இவை முறையே 'கன்-', 'நன்-', 'அன்-' ஆகும். 'தோத்' என்பது நேசித்தல் என்று கொண்டால் வாய்பாடு பின்வருமாறு அமையும்.

'க தோத்' – நான் அவனை நேசிக்கிறேன்
'ந தோத்' – நீ அவனை நேசிக்கிறாய்
'அ தோத்' – அவன் அவனை நேசிக்கிறான்
'ந க தோத்' – நீ என்னை நேசிக்கிறாய்
'அ க தோத்' – அவன் என்னை நேசிக்கிறான்
'கான் தோத்' – நான் உன்னை நேசிக்கிறேன்

செய்பொருள் படர்க்கையாயின் அதற்கு உறுப்பு இல்லை. தன்மையோ முன்னிலையோ ஆயின் உறுப்பு உண்டு. 'ந க' என்பதில் செய்பவனும் செய்பொருளும் வரிசையாக நிற்பதைப் பிரித்துக் காட்ட இயல்கிறது. மோகாக்கில் அவ்வாறு பிரிப்பது அரிது. 'கான்' என்பதில் மட்டும் தன்மை உறுப்பும் முன்னிலைச் செய்பொருள் உறுப்பும் இணைந்து ஒன்றாகின்றன.

இம்முன்னொட்டுகளின் தோற்றத்தை உணர்த்தும் செய்தி ஒன்று உண்டு. 'இன்' என்றால் வீடு. 'க இன்' என்றால் என் வீடு. 'கல்' என்றால் செல்லுதல். 'க கல்' என்றால் செல்கிறேன். உடைமையைக் குறிக்கும் அதே உறுப்பு வினையின் முன்னும் நிற்கிறது. 'என் செலவு' என்பது போன்ற பெயர்த்தொடர் நாளடைவில் 'செல்கிறேன்' என்னும் வினையாயிற்று என்று மொழிநூலார் கருதுவர். பெயருக்கும் வினைக்கும் ஒரே இட உறுப்பு என்பது தமிழர்க்கு வியப்பன்று. 'வந்தேன்' என்னும் தெரிநிலை வினையில் வரும் ஏன் விகுதி, 'நல்லேன்', 'ஊரேன்' என்னும் குறிப்பு வினைகளில் பெயர்ச்சொல்லோடும் பண்போடும் சேர்ந்து வருகிறது. தமிழில் அது பின்னே நிற்கிறது. சின் மொழியில் முன்னே நிற்கிறது.

முன்னும் பின்னும் என்னும் இவ்வேறுபாடும் நிலையானதன்று. வட சின் பகுதியின் தீதிம் மொழி இதற்குச் சான்று. 'பாய்' என்றால் செல்லுதல். எழுத்து நடையிலும் முறையான உரையிலும் 'க பாய் ஹி' என்று முன்னொட்டுப் பெறும். இயல்பான பேச்சில் 'பாய் இங்' என்று பின்னொட்டுப் பெறும். இரண்டின் பொருளும் செல்கிறேன் என்பதே. ஒரே மொழியில் ஒரே பேசுநர், களத்துக்கேற்ப முன்னொட்டையும் பின்னொட்டையும் மாற்றி ஆளுகிறார். இவ்விருவகை நடையையும் யூஜினி ஹென்டர்சன் 1965இல் வெளியிட்ட தீதிம் மொழி ஆய்வில் விரிவாகக் காணலாம். உறுப்பு நிற்கும் இடம் மாறலாம். அது செய்யும் பணி மாறுவதில்லை.

4. 'வருதல்' இட உறுப்பாதல்: தொல்காப்பிய விதியின் ஒளியில்

தீதிம் மொழி செய்பொருளைக் காட்டும் முறை தமிழ் ஆய்வாளர்க்குத் தனிச்சிறப்புடையது. 'இத்' என்பது நேசித்தல்.

'க இத் ஹி' – நான் அவனை நேசிக்கிறேன்
'கொங் இத் ஹி' – நான் உன்னை நேசிக்கிறேன்
'நொங் இத் ஹி' – நீ என்னை நேசிக்கிறாய்
'ஹொங் இத் ஹி' – அவன் என்னை, அல்லது உன்னை, நேசிக்கிறான்

'கொங்' என்பது 'க' உடன் 'ஹொங்' சேர்ந்தது. 'நொங்' என்பது 'ந' உடன் 'ஹொங்' சேர்ந்தது. 'ஹொங்' என்பதன் அடிப்பொருள் இப்பக்கம் வருதல். 'பாய்' என்றால் செல்லுதல் என்று கண்டோம். 'ஹொங் பாய்' என்றால் வருதல். ஆகவே 'கொங் இத் ஹி' என்பதில் உன்னை என்று பொருள்படும் பதிலிப்பெயர் எதுவும் இல்லை. செயல், பேச்சில் ஈடுபட்ட இருவருள் ஒருவரை நோக்கி வருகிறது என்று மட்டுமே அச்சொல் கூறுகிறது. செய்பவன் நான் எனின், எஞ்சியவன் நீ என்பது தானே பெறப்படும். செய்பவன் நீ எனின், எஞ்சியவன் நான். செய்பவன் அவன் எனின், என்னையோ உன்னையோ என்பதைக் களமே தெளிவிக்க வேண்டும்.

தன்மையையும் முன்னிலையையும் ஒரு பக்கத்திலும் படர்க்கையை மறுபக்கத்திலும் வைக்கும் இப்பாகுபாட்டை எங்கோ கண்டிருக்கிறோம். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கினையும் மூவிடத்துக்கும் பகுத்து விதி கூறப்பட்டுள்ளது. தருதலும் வருதலும் தன்மை முன்னிலைகளுக்கு உரியன; செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான், அவனிடம் சென்றான். ஈ, தா, கொடு என்பவற்றை இரப்போரின் இழிவு, ஒப்பு, உயர்வுகளுக்கு ஏற்பப் பகுக்கும் எச்சவியல் விதி வேறு. அதனோடு இதனை மயக்கலாகாது.

கிளவியாக்க விதி தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1945இல் எமனோ, திராவிட மொழிகளில் 'வா', 'தா' என்னும் வினைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், பெறுபவர் தன்மை முன்னிலையாயின் ஒரு வினையும் படர்க்கையாயின் வேறொரு வினையும் வரும் வழக்கு இக்குடும்பத்தின் தொன்மையான இயல்பு என்பதை நிறுவினார். மலையாளத்தில் தரு, கொடு என்னும் வேறுபாடு இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. ஈழத்தமிழ்ப் பேச்சிலும் 'உனக்குத் தாறன்', 'அவனுக்குக் குடுத்தன்' என்பது இயல்பு வழக்கு. ஒடிசாவின் மலைப்பகுதிகளில் வழங்கும் குயி, குவி, பெங்கோ, மண்டா ஆகிய திராவிட மொழிகள் இன்னும் ஒருபடி மேலே சென்றுள்ளன. அவற்றில் செய்பொருள் தன்மையோ முன்னிலையோ ஆயின் வினையடியே தனி உறுப்பு ஒன்றை ஏற்று வேறுபடும். படர்க்கையாயின் அவ்வுறுப்பு வாராது. தீதிம் மொழியின் 'ஹொங்' செய்யும் பணியை அவ்வுறுப்பு செய்கிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இவ்வொற்றுமையைக் கொண்டு தமிழுக்கும் சின் மொழிகளுக்கும், அல்லது தமிழுக்கும் மோகாக்குக்கும் இன உறவு கற்பிப்பது பிழை. பேசுவோனும் கேட்போனும் நேருக்கு நேர் நிற்பது எல்லா மொழிக்கும் பொதுவான சூழல். அச்சூழலிலிருந்து வெவ்வேறு மொழிகள் தனித்தனியே ஒத்த வழிகளைக் கண்டடைகின்றன. உறவு இல்லாத இடத்திலும் ஒற்றுமை தோன்றுவதே இச்செய்தியின் மதிப்பைக் கூட்டுகிறது. 'வா', 'தா' விதியை ஒரு மொழியின் மரபு வழக்காக மட்டும் கண்ட நாம், அது மொழிகளின் பொதுவியல்பு ஒன்றை உணர்ந்து வகுத்த விதி என்பதை இவ்வொப்பீட்டால் அறிகிறோம்.

5. தேய்வும் அதன் விளைவும்

ஒரே கருத்தை நான்கு மொழிகள் கூறும் முறையை இப்போது ஒருங்கே வைத்து நோக்கலாம். பர்மியத்தில் 'சித் தெ' என்றால் நேசித்தல் நிகழ்கிறது என்பது மட்டும் வினையில் உண்டு; யார், யாரை என்பவை இல்லை. தமிழில் 'நேசிக்கிறேன்' என்றால் யார் என்பது உண்டு. யாரை என்பது இல்லை. தீதிமில் 'கொங் இத் ஹி' என்றால் யார் என்பதும், யாரை நோக்கி என்பதும் உண்டு. மோகாக்கில் 'கொன்னொரொன்க்வா' என்றால் இரண்டும் பிரிக்கலாகா ஒன்றாய் உண்டு. இவை உயர்வு தாழ்வுப் படிகள் அல்ல. பணியைச் சொல்லுக்கு உள்ளும் வெளியும் பங்கிடும் முறைகள்.

பங்கீடு காலந்தோறும் மாறும். மியன்மாவின் வடபகுதியில் வழங்கும் கச்சின் மொழி, அதாவது ஜிங்பா, தொடரிறுதி இடைச்சொற்களால் இடத்தைக் காட்டியது. 'சா' என்றால் செல்லுதல். தன்மைக்கு 'சா ன்ஙாய்', முன்னிலைக்கு 'சா ன்தாய்', படர்க்கைக்கு 'சா ஆய்' என வரும். இன்றைய பேச்சில் 'ஆய்' என்பதே மூவிடத்துக்கும் பரவிவருகிறது. நம் குடும்பத்திலேயே மலையாளம் தன் வினை விகுதிகளை இழந்து, மூவிடத்துக்கும் 'வந்நு' என்று ஒரே வடிவை ஆளுகிறது. விகுதி தேய்ந்தால் மொழி அழியாது என்பதற்கு மலையாளமே சான்று. ஆயினும் தேய்ந்தபின் எழுவாயை வெளிப்படக் கூறியோ களத்தைக் கொண்டு உய்த்துணர்ந்தோ பொருள்கொள்ள வேண்டும் என்பதற்கும் அதுவே சான்று.

தன்லியின் வகுப்பறைக்கு இது எவ்வாறு பொருந்தும்? தமிழ்ப் பேச்சுவழக்கில் 'வந்தேன்', 'வந்தாய்' என்னும் இரண்டும் மிக நெருங்கிவிடுகின்றன. தன்மை வடிவின் ஈற்று னகரம் மறைந்து, உயிர் மூக்கொலி பெற்று நிற்கிறது. முன்னிலை வடிவு 'வந்தே' என்று மூக்கொலியின்றி நிற்கிறது. நான் வந்ததற்கும் நீ வந்ததற்கும் இடையே நிற்பது ஒரு மூக்கொலி மட்டுமே. வீட்டில் தமிழும் பள்ளியில் பர்மியமும் பேசும் பிள்ளைக்கு இரு பழக்கங்கள் ஒன்றுசேரும். பர்மியப் பேச்சைப் போலவே தமிழ்ப் பேச்சும் எழுவாயை விட்டுவிடலாம் என்பது ஒன்று. வினையின் ஈற்றில் ஆளைத் தேட வேண்டியதில்லை என்பது மற்றொன்று. முதற்பழக்கம் தமிழுக்கு ஏற்புடையது, ஏனெனில் தோன்றா எழுவாய் தமிழ் இயல்பு. ஆனால் அவ்வெழுவாய் தோன்றாமல் இருக்கலாம் என்று தமிழ் இசைவது, விகுதி அதனைச் சுமந்து நிற்பதால்தான். இரண்டாம் பழக்கமும் உடன்சேர்ந்தால் தொடரில் செய்பவன் இருக்க இடமே இல்லாமற் போகும்.

ஆகவே பிள்ளையின் வினாவுக்கு விடை இது: 'நான் வந்தேன்' என்பதில் மிகையாக நிற்பது ஏன் விகுதியன்று, தேவையெனின் மட்டும் வரவேண்டிய 'நான்' என்பதே. விகுதி எழுவாயின் நிழலன்று, அதுவே ஆள்.

இவ்விளக்கத்திலிருந்து கற்பித்தலுக்கு மூன்று வழிகள் பெறப்படும்.

அ. விகுதியைப் பதிலிப்பெயரோடு இணைத்த வாய்பாடாக முதலில் கற்பிக்காமல், எழுவாயற்ற வினாவிடையாகக் கற்பிக்கலாம். 'சாப்பிட்டாயா?' 'சாப்பிட்டேன்.' 'தம்பி?' 'சாப்பிட்டான்.' இதில் ஆளைக் காட்டும் கடமை முழுவதும் விகுதியின்மேல் விழுவதால், அது எதற்கு என்னும் ஐயம் எழாது.

ஆ. பேச்சு வடிவையும் எழுத்து வடிவையும் அடுத்தடுத்து ஒலித்துக் காட்டி, மூக்கொலியே தன்மையின் அடையாளம் என்பதைச் செவிக்குப் பழக்கலாம். பர்மிய மொழியிலும் மூக்கொலி பெற்ற உயிர்கள் உண்டு. ஆகவே அவ்வொலி பிள்ளைக்குக் கடினமன்று. அது வினையீற்றில் ஆளைக் குறிக்கும் என்னும் செய்தியே புதியது.

இ. தா, கொடு, வா, போ என்னும் நான்கினைக் கொண்டு, ஒரு பொருளைக் கைமாற்றும் விளையாட்டாக இடத்தைக் கற்பிக்கலாம். 'எனக்குத் தா', 'உனக்குத் தருகிறேன்', 'அக்காவுக்குக் கொடு', 'இங்கே வா', 'அங்கே போ'. தொல்காப்பிய விதி ஒன்று மனப்பாடமின்றிப் பிள்ளையின் கையிலும் நாவிலும் பதியும்.

முடிவுரை

மோகாக் மொழியின் முன்னொட்டுகள், வினை ஒன்றே செய்பவனையும் செய்பொருளையும் தாங்கி முழுத்தொடராக நிற்க இயலும் என்பதைக் காட்டுகின்றன. சின் மொழிகள் அதே பணியை, பெரும்பாலும் பிரித்தறியத்தக்க உறுப்புகளால் செய்கின்றன; தீதிம் மொழி 'வருதல்' என்னும் கருத்தைக் கொண்டே தன்மை முன்னிலைச் செய்பொருளைக் குறிக்கிறது. இவற்றை விளக்க நன்னூலின் ஆறு பொருட்கொள்கையும், உளப்பாட்டு விகுதிப் பாகுபாடும், தொல்காப்பியத்தின் தருசொல் வருசொல் விதியும் துணைநின்றன. அயல்மொழிகளை விளக்கும்போது தமிழ் இலக்கணத்தை ஒருபுறம் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை என்பதும், அயல்மொழிகளின் ஒளியில் அவ்விலக்கணத்தின் ஆழம் மேலும் விளங்கும் என்பதும் இவ்வொப்பீட்டால் தெளிவாகின்றன.

புலம்பெயர் நாடுகளில் தமிழ் கற்பிப்போர் அந்தந்த நாட்டு மொழிகளின் வினையமைப்பை அறிந்திருத்தல் நன்று. மியன்மாவில் பர்மியம் ஒருபுறமும் சின் மொழிகள் மறுபுறமும் நிற்க, தமிழ் இரண்டுக்கும் இடையே நிற்கிறது. அந்த இடத்தை உணர்ந்த ஆசிரியர், விகுதியில் தவறும் பிள்ளையைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்ள மாட்டார். ஆளை வினைக்கு வெளியே வைக்கப் பழகிய ஒரு மனம், அவரை வினைக்குள் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்து, அதற்கு வேண்டிய காலத்தையும் பயிற்சியையும் அளிப்பார்.